முத்துவின் வெண்மை

நுழையும் முன்

வெள்ளை என்பது ஒரே நிறமா? வீட்டில் வளர்ந்த நாயின் உருவத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட முற்பட்ட ஒரு சிறுமி இவ்வினாவை எதிர்கொண்டாள். விடையின் ஒரு பாதியை ஓவிய ஆசிரியை கூறினார். மறுபாதியைப் பாட்டி கூறினார். அதனை விளக்குவதே இப்பாடம்.

பழைய கலையும் புதிய இடரும்

விலங்குகளின் உருவங்களைத் தீட்டுதல் மனிதர் அறிந்த மிகப் பழைய கலைகளுள் ஒன்று. போபாலுக்குத் தெற்கேயுள்ள பீம்பேட்காவின் பாறைக்குகைகளில் காட்டெருமையும் மானும் யானையும் இன்றும் காணப்படுகின்றன. அவற்றைத் தீட்டியோர் பெரும்பாலும் வெண்மை, செம்மை ஆகிய இரு நிறங்களையே கையாண்டனர். நிறங்கள் குறைவாக இருந்தமையால் அவை ஒன்றோடொன்று கலந்து கெடும் இடரும் குறைவாக இருந்தது.

எண்ணெய் வண்ணம் தீட்டுவோர்க்கு அந்த எளிமை வாய்ப்பதில்லை. நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்து இவ்வண்ணம் செய்யப்படுகிறது. நீர்வண்ணம் நீர் ஆவியானவுடன் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணமோ காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல ஏற்று இறுகுகிறது. அதற்குச் சில நாள்கள் ஆகும். குளிர்காலத்தில் இன்னும் மிகுதியான நாள்கள் ஆகும். அதுவரை கித்தானின் மீதுள்ள வண்ணம் ஈரமாகவே இருக்கும். ஈரமாக இருப்பதனால் ஒரு நிறத்தை மற்றொரு நிறத்தோடு மென்மையாக இழைக்க இயலும். அதே காரணத்தால் தூய நிறங்கள் தம்முள் குழம்பிச் சேறாகவும் கூடும். எண்ணெய் வண்ணத்தின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன.

இவ்வண்ணத்தை இந்தியாவில் புகழ்பெறச் செய்தவர் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா (1848–1906). திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் படம் தீட்டுவதை அருகிலிருந்து கண்டே அவர் பலவற்றைக் கற்றார். எண்ணெய் வண்ணக் கலையைக் காதால் கேட்டுக் கற்பதைவிடக் கண்ணால் கண்டு கற்பதே எளிது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

ஐந்தாவது உறுப்பினர்

தில்லியின் ஆர்.கே. புரத்தில், அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்துவந்தது. தந்தை, தாய், பாட்டி, எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஆகிய நால்வரோடு ஐந்தாவது உறுப்பினராக முத்து இருந்தது.

முத்து இராஜபாளையம் வகை நாய். விருதுநகர் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் பெயரையே பெற்ற இவ்வகை, வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை நான்கு இந்திய நாய் வகைகளுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

தாத்தா மறைந்த ஆண்டில் பாட்டி ஊரைவிட்டுத் தில்லிக்கு வந்தார். தாத்தா ஆசையோடு வாங்கி வளர்த்த குட்டியை அயலாரிடம் விட்டுவர அவருக்கு மனம் வரவில்லை, உடன் கொண்டுவந்தார். அவ்வாண்டில் நடைபழகிய சிறுமி முத்துவின் கழுத்தைப் பற்றிக்கொண்டே நடந்தாள். இப்போது முத்துவுக்கு 12 வயது. படிக்கட்டில் ஏறுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கியது. இதயம் தளர்ந்துவிட்டது என்றும், வரும் கோடையைத் தாங்குவது அரிது என்றும் கால்நடை மருத்துவர் கூறினார்.

அன்று மாலை சிறுமி தன் பிறந்தநாளுக்குக் கிடைத்த எண்ணெய் வண்ணப் பெட்டியைத் திறந்தாள். ஒளிப்படங்கள் வீட்டில் பல இருந்தன. ஆயினும் தன் கையால் ஒரு படம் வேண்டும் என்று அவள் விரும்பினாள்.

சேறாகிப்போன முதற்படம்

குளிர்காலக் காலை வெயிலில் மொட்டைமாடியில் சிவப்புப் பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்து அதில் முத்துவைப் படுக்கவைத்தனர். சிறுமி வெள்ளை வண்ணத்தை எடுத்து நாயின் உருவம் முழுவதும் பூசினாள். உருவம் தட்டையாகத் தெரிந்தது. நிழல் வேண்டும் என்று கறுப்பைச் சேர்த்தாள், வெண்மை சாம்பலாயிற்று. வெயிலின் சாயலுக்காக மஞ்சளைச் சேர்த்தாள். சாம்பல் பசுமை படர்ந்தது. அதனை மாற்றச் சிவப்பைச் சேர்த்தாள். நண்பகலுக்குள் முத்து இருந்த இடத்தில் மழைநீர் தேங்கிய தெருவின் நிறமே இருந்தது.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர் வாழ்ந்தார். அவர் வங்காளத்தவர், சிறுமியோடு இந்தியில் பேசுவார். சிறுமி கண்கலங்கப் படத்தை நீட்டியபோது, அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் தூரிகையை வாங்கிப் பார்த்தார். அதன் மயிர்களுக்கிடையே ஏழெட்டு நிறங்கள் அடைந்திருந்தன.

“நிறங்கள் கித்தானில் கெடவில்லை, மகளே. இங்கேயே கெட்டுவிட்டன” என்று தூரிகையைக் காட்டினார்.

பின்னர் அவர் காரணத்தை விளக்கினார். ஒவ்வொரு நிறப்பொடியும் தன்மீது விழும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி எஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. பல பொடிகள் ஒன்றுசேரும்போது விழுங்கப்படும் ஒளி மிகுகிறது. கண்ணுக்குத் திரும்பிவரும் ஒளி குறைகிறது. நீலமும் செம்மஞ்சளும், சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் எதிர் நிறங்கள். இவற்றைக் கலந்தால் ஒன்றன் ஒளியை மற்றொன்று அவித்துவிடும். அதனால் சாம்பல் நிறம் தோன்றும். சாம்பல் தன்னளவில் குற்றமன்று; வெண்ணிற நாயைத் தீட்டுவதற்குப் பலவகைச் சாம்பல்கள் தேவை. தீட்டுபவர் தேர்ந்தெடுக்காமல் தானாக வந்துசேரும் சாம்பலையே ஓவியர் சேறு என்பர்.

பெட்டியிலிருந்த 20 குழாய்களுள் ஐந்தினை மட்டும் ஆசிரியை எடுத்து வைத்தார். டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, சுட்ட சியன்னா, கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம் ஆகியவையே அவை. கறுப்பு மீண்டும் பெட்டிக்குள் சென்றது. நீலத்தையும் சியன்னாவையும் கலந்தால் கறுப்பை ஒத்த ஆழ்நிறம் கிடைக்கும் என்றும், அதில் நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த நிழலும், சியன்னாவைக் கூட்டினால் வெதுவெதுப்பான நிழலும் பிறக்கும் என்றும் செய்து காட்டினார்.

வெண்பூங்கொத்து

வெண்மையைக் காணக் கற்பதற்கு ஆசிரியை ஒரு வரலாற்றையும் கூறினார். பிரான்சு நாட்டில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ழான் பாப்டீஸ்ட் ஊட்ரி, பதினைந்தாம் லூயி மன்னரின் வேட்டை நாய்களை உருவப்படங்களாகத் தீட்டிப் புகழ்பெற்றவர். அவர் இளமையில் லார்ழிலியேர் என்னும் ஓவியரிடம் பயின்றார். ஒருநாள் ஆசிரியர் அவரை மலர்கள் கொண்டுவரச் சொன்னார். ஊட்ரி பல நிற மலர்களைப் பறித்துவந்தார். நிறத்தைக் கற்பதற்கு அவை உதவா என்று கூறி, வெள்ளை மலர்களை மட்டும் கொண்டுவருமாறு ஆசிரியர் பணித்தார். ஊட்ரி அவ்வாறே கொண்டுவந்தார். அவற்றை வெளிறிய பின்புலத்தின் முன் வைத்து நோக்கியபோது, வெண்மலரின் நிழற்பக்கம் எத்துணைக் கருமையாக இருக்கிறது என்பது அவருக்குப் புலனாயிற்று. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டாலன்றி நிறத்தை அறிய இயலாது என்பதே அவர் கற்ற பாடம். பின்னாளில், 1749ஆம் ஆண்டில், பாரிசு ஓவியக் கழகத்தில் ஆற்றிய உரையில் அவரே இதனை எடுத்துரைத்தார்.

1753ஆம் ஆண்டில் ஊட்ரி தீட்டிய ‘வெள்ளை வாத்து’ என்னும் ஓவியத்தில் வாத்தும் துணியும் மெழுகுவத்தியும் கிண்ணத்துப் பாலேடும் தாளும் வெண்ணிறமே. அவற்றின் பின்னுள்ள சுவரும் வெளிறியதே. எனினும் ஒன்றின் வெண்மை மற்றொன்றின் வெண்மையாகத் தோன்றாது.

“முத்துவின் உடலில் எத்தனை வெண்மைகள் உள்ளன என்று எண்ணிப் பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுது. பெயரில்லாத நிறத்தைத் தட்டில் வைக்காதே” என்றார் ஆசிரியை.

பாட்டி தந்த பெயர்கள்

சிறுமி குறிப்பேட்டுடன் மாடிக்குச் சென்றாள். உற்று நோக்க நோக்க வெண்மைகள் பிரிந்து தெரிந்தன. ஆனால் பெயர்கள் கிடைக்கவில்லை. ‘வெள்ளை ஒன்று, வெள்ளை இரண்டு’ என்று எழுதினாள். சற்று நேரத்தில் இரண்டு எது, மூன்று எது என்பது அவளுக்கே மறந்துபோயிற்று.

வெயிலில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டி, “என்ன கண்ணு, கணக்குப் போடுகிறாயா?” என்று கேட்டார். சிறுமி தன் இடர்ப்பாட்டைச் சொன்னாள்.

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முத்துவைப் பார்த்தார். “நெற்றியில் வெயில் நேராக விழுகிறதே, அது சுண்ணாம்பு. முதுகு சங்கு, சங்கில் ஒரு மஞ்சள் ஓடும், பார்த்திருக்கிறாயா? மார்பு தயிர். கால் மயிர் பழுத்துப்போய்விட்டது, அது தந்தம்.”

“வயிற்றுப் பக்கம் பாட்டி?”

பாட்டி கையிலிருந்த சின்ன வெங்காயத்தை உயர்த்திக் காட்டினார். ஜமுக்காளத்தின் செம்மை வயிற்றில் பட்டு எதிரொளித்த மெல்லிய சிவப்பு, உரித்த வெங்காயத்தின் நிறத்தை அப்படியே ஒத்திருந்தது.

“நிழற்பக்கம் நீலமாகத் தெரிகிறது பாட்டி. வானத்தின் நிறமா?”

“அது நுங்கு, அம்மா. போன கோடையில் ஊரில் தின்றாயே, மறந்துவிட்டாயா? தாடைக்கு அடியில் வானமும் எட்டாத இடம் திருநீறு.”

ஏழு பெயர்கள் குறிப்பேட்டில் ஏறின. தில்லிக் கடைவீதியில் நுங்கு எளிதில் கிடைப்பதன்று. ஆயினும் அதன் பெயரைக் கேட்டவுடன் அதன் நிறம் சிறுமியின் கண்முன் நின்றது. எண்ணால் நினைவில் நிற்காத வெண்மை, பெயரால் நின்றது.

மறுநாள் கலவைக் கத்தியால் ஏழு வெண்மைகளையும் தட்டில் தனித்தனிக் குவியல்களாகக் கலந்தாள். வெள்ளையோடு சிறிது மஞ்சள் காவி சேரச் சங்கு கிடைத்தது. அதனோடு ஒரு துளி சியன்னா சேரத் தந்தம் கிடைத்தது. நீலத்தின் சாயல் நுங்கைத் தந்தது. கிரிம்சனும் காவியும் கடுகளவு சேர்ந்து வெங்காயத்தைத் தந்தன. சுண்ணாம்புக்கு மட்டும் குழாயிலிருந்து வந்த தூய வெள்ளை. நெற்றிக்கும் மூக்கின் ஈரப்பளபளப்புக்கும் தவிர வேறெங்கும் அதனைத் தொடுவதில்லை என்று ஆசிரியை விதி செய்தார். எல்லா இடமும் மிக வெண்மையாகிவிட்டால், ஒளி விழும் இடத்தைக் காட்ட அதனினும் வெண்மையான வண்ணம் கிடையாது.

தூரிகையின் ஒழுங்கு

வேலை படிப்படியாக நடந்தது. முதலில், மங்கிய பழுப்பு பூசி உலரவிட்ட கித்தானில் உருவத்தின் கோடுகள் வரையப்பட்டன. வெள்ளைக் கித்தானில் வெள்ளை நாயைத் தீட்டினால் எது கித்தான், எது நாய் என்று ஒப்பிட இயலாது. பழுப்பு நிலத்தின்மீது ஏழு வெண்மைகளும் தெளிவாகப் புலப்படும். அடுத்து, சியன்னாவையும் நீலத்தையும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து நிழல்கள் மெல்லியதாகப் பூசப்பட்டன. சியன்னா போன்ற மண்நிறங்கள் விரைவில் உலர்வன. அவை உலரும்வரை ஒருவாரம் சிறுமி கித்தானைத் தொடவில்லை. அடிப்படலத்தில் எண்ணெய் குறைவாகவும் மேற்படலத்தில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். முறை மாறினால் நாளடைவில் மேற்படலம் வெடிக்கும்.

பின்னர் வெண்மைகள் வந்தன. ஒளிக்கு ஒரு தூரிகை, நிழலுக்கு ஒரு தூரிகை என இரண்டும் தனித்தனியே வைக்கப்பட்டன. ஒரு தீற்றல் தீட்டியவுடன் தூரிகையைத் துணியில் துடைத்தல் வேண்டும். ஏனெனில் ஈரப் படலத்தின்மீது செல்லும் தூரிகை வண்ணத்தை விட்டுச் செல்வதோடு அடியிலுள்ளதைச் சிறிது எடுத்தும் செல்கிறது. துடைக்காமல் மூன்றாம் முறை தொட்டால் தூரிகையில் இருப்பது கலந்துவைத்த நிறமன்று. நிறம் பொருந்தவில்லையெனில் கித்தானிலேயே திருத்த முயலாமல், கத்தியால் வழித்தெடுத்துவிட்டுத் தட்டில் புதிதாகக் கலத்தல் வேண்டும்.

ஒவ்வொரு மயிராக வரைய வேண்டியதில்லை. உடலை ஒளித்திட்டு, நிழல்திட்டு எனப் பகுத்து, மயிர் படிந்திருக்கும் திசையில் தூரிகையைச் செலுத்தினால் போதும். விளிம்புகளில் மட்டும் சில மயிர்கள் தோன்றினால் கண் எஞ்சியவற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும். காதின் பின்னிருந்து வெயில் ஊடுருவிய இடத்தில் மட்டும் சிறுமி கிரிம்சனையும் காவியையும் தாராளமாக வைத்தாள். அந்தச் செம்மையருகே சங்கின் வெண்மை இன்னும் தூய்மையாகத் தோன்றியது.

முத்து அருகிலேயே படுத்திருந்ததால் சில எச்சரிக்கைகளும் தேவைப்பட்டன. ஈயம் கலந்த வெள்ளை நச்சுத்தன்மை உடையது; ஆதலால் டைட்டானியம் வெள்ளையே பயன்பட்டது. ஆயினும் எந்த வண்ணமும் டர்பன்டைன் கிண்ணமும் நாயின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டன. எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். எனவே வேலை முடிந்ததும் அவற்றைத் தனித்தனியே விரித்து உலரவிட்டனர்.

இடக்கண்

எஞ்சியவை கண்கள். வலக்கண் தேன்நிறம். இடக்கண்ணில் புரை படர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. சிறுமி பழைய ஒளிப்படம் ஒன்றைத் தேடியெடுத்தாள். அதில் முத்துவுக்கு நான்கு வயது, இருகண்களும் தெளிந்திருந்தன. அப்படத்தைப் பார்த்து இடக்கண்ணையும் தேன்நிறமாகத் தீட்டினாள். முகத்தின் வெண்மை உலர்ந்திருக்கவில்லை; பழுப்பு அதில் கசிந்து கன்னம் கலங்கியது. கண்ணும் முகத்தோடு பொருந்தவில்லை. நரைத்த புருவத்தின் கீழ் இளைய நாயின் விழி வேறெங்கோ பார்த்தது.

ஆசிரியை அதனை நெடுநேரம் நோக்கினார். “ஒளிப்படத்தில் இருப்பது வேறொரு நாளின் வெளிச்சம். நீ தீட்டுவது இந்த நாளை” என்று மட்டும் கூறினார்.

சிறுமி பாட்டியிடம் சென்றாள். “கண்ணில் புரையை வரைந்தால் படம் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்காதா பாட்டி?”

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கும் புரை இருந்தது, கண்ணு. அறுவை செய்வதற்கு முன் உன் முகம்கூட எனக்குப் புகையாகத்தான் தெரிந்தது. அப்போது நான் உன் பாட்டி இல்லையா? இது இந்தக் கண்ணோடுதானே தினமும் வாசலில் உனக்காகக் காத்திருக்கிறது” என்றார்.

சிறுமி இடக்கண்ணைக் கத்தியால் வழித்தெடுத்து, முகம் உலரும்வரை பத்து நாள்கள் காத்திருந்தாள். பிறகு முத்துவின் அருகில் அமர்ந்து அக்கண்ணை நோக்கினாள். அதன் நிறம் ஏழு பெயர்களுள் எதிலும் அடங்கவில்லை. பாட்டியை அழைத்துக் கேட்டாள்.

“நீர்மோர்” என்றார் பாட்டி.

நீர் மிகுந்த மோரில் தெரியும் மெல்லிய நீலம் அது. சிறுமி அதனைத் தட்டில் கலந்தாள். சுத்தமான தூரிகையால் ஒரு தீற்றல். அதன்மேல் ஒளியின் ஒரு புள்ளி. மறுமுறை தொடவில்லை.

உலரும் காலம்

மார்ச்சு மாதத் தொடக்கத்தில் படம் முடிந்தது. எனினும் எண்ணெய் ஓவியம் முடிந்த அன்றே முழுமை அடைவதில்லை. மேலே உலர்ந்தாலும் உள்ளே இறுகப் பல திங்கள் ஆகும். ஆறு மாதம் கழிந்த பின்னரே பாதுகாப்புக்காக மெருகெண்ணெய் பூசுவது வழக்கம். படம் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டது.

முத்து கோடையைத் தாண்டியது. மழை தொடங்கிய பின், ஆடி மாதத்தில் ஓர் இரவு உறக்கத்திலேயே இறந்தது.

செப்டம்பரில் ஆசிரியை வந்து மெருகெண்ணெயைப் பூசினார். உலர்ந்தபோது உள்வாங்கி மங்கியிருந்த நிழல்கள் ஆழம் பெற்றன. அவற்றுக்கு நடுவே ஏழு வெண்மைகளும் ஒன்றையொன்று கெடுக்காமல் தத்தம் இடத்தில் நின்றன. பாட்டி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தின் முன் அமர்ந்தார். “வயிற்றில் வெங்காயம் சரியாக வந்திருக்கிறது” என்றார்.

அடுத்த வாரம் சிறுமி புதிய கித்தான் ஒன்றுக்குப் பழுப்பு பூசி உலரவிட்டாள். மாடியில் அதே ஜமுக்காளத்தை விரித்துப் பாட்டியை அமரச் சொன்னாள். நரைக்குப் பெயர்கள் தேடவேண்டியிருந்தது. குறிப்பேட்டில் புதிய பக்கம் திறந்தது.

சொற்பொருள்

கித்தான் – ஓவியம் தீட்டும் தடித்த துணி
தீற்றல் – தூரிகையின் ஒரு பூச்சு
பின்புலம் – உருவத்தின் பின்னே தெரியும் இடம்
இழைத்தல் – மென்மையாக ஒன்றச் செய்தல்
புரை – கண்ணின் ஆடியில் படரும் வெண்மை
நுங்கு – பனங்காயின் உள்ளிருக்கும் இளஞ்சுளை

பயிற்சி

1. எண்ணெய் வண்ணத்தின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்று கூறப்படுவது ஏன்?
2. சாம்பல் நிறத்துக்கும் சேற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின்வழி விளக்குக.
3. லார்ழிலியேர் தம் மாணவரை வெள்ளை மலர்களை மட்டும் கொண்டுவரச் சொன்னது ஏன்?
4. இடக்கண்ணைச் சிறுமி வழித்தெடுத்தது சரி என்று கருதுகிறீர்களா? காரணம் கூறுக.
5. செயல்பாடு: கிளிப்பச்சை, பாசிப்பச்சை எனப் பச்சை நிறத்துக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து எழுதுக.